உப்பிட்டவர் யார்?

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, பிரிக்பீல்ட்ஸ் வீதியிலுள்ள ஒரு சிற்றுண்டிச்சாலையில் நாம் அமர்ந்திருந்தோம். எதிர் மேசையில் இருவர். ஒருவர் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியே முதுமை எய்திய பெரியவர். மற்றவர் நகரில் அலுவல் பார்க்கும் இளைஞர், அவருக்கு மருமகன் முறையினர். பேச்சு எங்கெங்கோ சென்று, சரவண பவன் உணவகங்களை நிறுவிய பி. இராஜகோபாலிடம் வந்து நின்றது.

“மாமா, அவர் கொலைக் குற்றவாளி. உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது” என்றார் இளைஞர்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை. எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவர்! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?” என்றார் பெரியவர்.

இளைஞர் அதற்குமேல் வாய் திறந்தாரில்லை. பெரியவர்மீதிருந்த மரியாதையாலோ, பழமொழியின்மீதிருந்த அச்சத்தாலோ, பேச்சு அத்துடன் முடிந்தது. ஆனால் நம் உள்ளத்தில் அது முடியவில்லை. அப்பெரியவர் கொடியவரல்லர், கொலையை நியாயமென்று கருதுபவருமல்லர். நன்றி மறத்தல் ஆகாது என்னும் நல்லெண்ணமே அவரை அவ்வாறு பேச வைத்தது. ஒரு நல்லெண்ணம் மனிதனைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துமாயின், அவ்வெண்ணத்தை ஆராய்ந்து பார்ப்பது அறிவுடையோர் கடமையன்றோ? ஆகவே, ஒருவரைத் தூற்றுவதற்காகவோ போற்றுவதற்காகவோ அன்றி, நம் மக்களிடையே வேரூன்றியுள்ள ஒரு கருத்தைச் சோதித்துப் பார்க்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதலில் அவர் வாழ்க்கையை நேர்மையாகப் பார்ப்போம். இராஜகோபால் 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னையடி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வெங்காய வியாபாரி. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறு வயதிலேயே ஊரைவிட்டுச் சென்று, ஓர் உணவுக்கடையில் மேசை துடைத்து, இரவில் அக்கடையின் தரையிலேயே படுத்துறங்கினார். பின்னர் சென்னையை அடைந்து மளிகைக்கடை வைத்தார். 1981-ஆம் ஆண்டில் கே.கே. நகரில் தமது முதல் உணவகத்தைத் திறந்தார்.

அக்கடை தொடக்கத்தில் நட்டத்தில் நடந்தது. விலையோ குறைவு, பண்டங்களோ தேங்காய் எண்ணெயும் நல்ல காய்கறிகளும் இட்டுச் செய்யப்பட்டவை. மட்டமான சரக்கை வாங்கு, ஆட்களுக்குக் கூலியைக் குறை என்று யோசனை சொன்னவரை அவர் விலக்கிவிட்டார் என்பர். வேலையாட்களுக்குப் பிற கடைகளைவிட நல்ல ஊதியமும், மருத்துவச் செலவும், வீட்டு வாடகைக்கு உதவியும், பெண் மக்களின் திருமணத்திற்குப் பணமும் கிடைத்தன. ஆகவே அவரை முதலாளி என்னாமல் ‘அண்ணாச்சி’ என்றே அழைத்தனர். 2000-ஆம் ஆண்டில் துபாயில் முதல் வெளிநாட்டுக் கிளை தோன்றிற்று. அதன்பின் கடல்கடந்த நாடுகள் பலவற்றில் கிளைகள் பரவின. நம் கோலாலம்பூரிலும் அப்பெயர்ப் பலகை ஏறிற்று.

இவ்வெற்றிக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அதை மறைப்பது நீதியாகாது. அவர் பிறந்த நாடார் சமூகத்தார் ஒரு காலத்தில் கோயிலுக்குள் நுழையவும் உரிமையற்றிருந்தனர். கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. தமிழ்நாட்டு உணவுக்கடைகளோ, ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டி, சாதிக்கொரு பந்தி வைத்த கடைகளாய் இருந்தன. தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலிருந்த தனிப்பந்தி கடுங்கிளர்ச்சிக்குப் பின் 1941-இல்தான் ஒழிந்தது. அத்தகைய நாட்டில், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவரின் அடுப்பில் வெந்த இட்டிலியை எல்லாச் சாதியாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர். சமைத்தவன் என்ன சாதி என்று எவரும் கேட்டாரில்லை. சீர்திருத்த மேடைகளில் பேசிப்பேசி அலுத்த ஒரு காரியத்தை ஒரு தோசைக்கல் ஓசையின்றிச் செய்தது என்றே சொல்லலாம்.

நிற்க. இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

அவர் உணவுத்தொழிலில் இறங்கியதே, நெருப்போடு சேர்ந்த தொழில் செய்தால் செழிப்பாய் என்று ஒரு சோதிடர் கூறியதனால் என்பது யாவரும் அறிந்த செய்தி. தொழில் செழித்தது. செழித்ததும், சோதிடம் பலித்தது என்ற நம்பிக்கை வலுத்தது. பின்னர், இன்ன பெண்ணை மணந்தால் மேலும் உயர்வாய் என்ற வாக்கும் வந்தது. ஏற்கெனவே இருமுறை மணந்திருந்த அவர் அப்பெண்ணை மூன்றாம் மனைவியாக்க விரும்பினார். அவளோ அவருடைய நிறுவனத்திலேயே பணியாற்றிய ஒருவரின் மகள். தான் விரும்பியவரை மணந்து வாழ்ந்துகொண்டிருந்தவள். பொருளும் பரிசும் ஆசை காட்டின, அவள் இணங்கவில்லை. மிரட்டல் வந்தது, அப்போதும் இணங்கவில்லை. இளந்தம்பதியர் காவல் துறையாரிடம் முறையிட்டனர். அதன் பின்னரும், 2001 அக்டோபரில் அவள் கணவர் கடத்தப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டு, கொடைக்கானல் மலைக்காட்டில் பிணமாகக் கிடந்தார்.

வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2004-இல் சென்னை அமர்வு நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. 2009-இல் உயர் நீதிமன்றம் அதைக் கொலைக் குற்றமென்று கொண்டு அவருக்கும் வேறு ஐவருக்கும் ஆயுள் தண்டனை அளித்தது. 2019 மார்ச்சுத் திங்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அவ்வாண்டு சூலை 9-ஆம் நாள் நோயாளியாய் ஊர்தியில் வந்து சரணடைந்தவர், 18-ஆம் நாள் மருத்துவமனையில் உயிர்நீத்தார். கொலைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவ்வாண்டுகளில் கிளைகள் பெருகின, தோசைகள் வெந்தன, நாமும் உண்டோம். கணவனை இழந்த ஒரு பெண் மட்டும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நம் மக்கள் இருவிதமாகப் பேசுகின்றனர். ‘ஒரு தவறு செய்தார், ஆயிரம் நன்மை செய்தாரே’ என்பது ஒன்று. ‘எல்லாம் கிரகக் கோளாறு, நல்ல மனிதரைச் சோதிடம் கெடுத்துவிட்டது’ என்பது மற்றொன்று. இரண்டும் நமக்கு உடன்பாடல்ல.

முதற்கூற்று அறத்தைக் கடைக்காரர் பேரேடாக எண்ணுகிறது. வரவுப் பக்கத்தில் ஆயிரம் பேருக்கு ஊதியம். பற்றுப் பக்கத்தில் ஓர் உயிர். கழித்துப் பார்த்தால் மிச்சம் நன்மையே என்பது கணக்கு. ஆனால் யாருடைய வரவு? யாருடைய பற்று? ஊதியம் பெற்றவர் வேறு, உயிரிழந்தவர் வேறு. ஒருவர் பெற்ற சோற்றுக்கு மற்றொருவர் உயிரை ஈடாக எழுத எவருக்கு உரிமை உண்டு? செத்தவன் இக்கணக்கில் கையெழுத்திட்டானா? வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கும் வழிகாட்டினாரில்லை.

இரண்டாவது கூற்று இன்னும் கேடானது. கோள்கள் அப்பெண்ணின் வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. சோதிடர் வாக்கைக் கேட்டவர் பல்லாயிரவர். அவரெல்லாரும் கொலை செய்தாரில்லை. நெருப்புத் தொழிலே நல்லதென்ற வாக்கைக் கேட்டுக் கடை திறந்து, ஆறே திங்களில் கதவடைத்தவர்களை நம் கிள்ளான் வட்டாரத்திலேயே தேடினால் காணலாம். அவர்களுக்கும் நெருப்பு இருந்தது. ஆனால் நல்ல எண்ணெயும், நல்ல கூலியும், விடியுமுன் எழுந்து மாவரைத்த கைகளும் இருந்தனவா? இராஜகோபாலின் கடையை உயர்த்தியவை இவைகளே. அவரோ உயர்வுக்குக் காரணம் விண்மீன் என்று நம்பினார். இந்த ஓர் இடத்தில்தான் அவர் வாழ்வின் பிழையெல்லாம் முளைத்தது என்று நாம் கருதுகின்றோம். தன் செல்வம் வானத்திலிருந்து வந்ததென்று நம்புகிறவன் மண்ணில் நிற்கும் மனிதருக்குக் கடன்பட்டவனாகத் தன்னை உணரமாட்டான். வானம் ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டினால், அவள் ஒரு மனிதப் பிறவி, மற்றொருவனின் மனைவி, தன் தொழிலாளியின் மகள் என்பன அவன் கண்ணுக்குத் தெரியமாட்டா. தம் வாழ்க்கை வரலாற்றுக்கு ‘வெற்றி மீது ஆசை வைத்தேன்’ என்று அவரே பெயர் சூட்டினார். ஆசை வைத்ததைக் குற்றமென்னோம். அவ்வாசைக்கு எல்லை வைக்காததே குற்றம்.

இப்போது பெரியவர் எடுத்துக்காட்டிய பழமொழிக்கு வருவோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும். மெத்தச் சரி. ஆனால் உப்பிட்டவர் யார்?

ஓர் இட்டிலி நம் தட்டுக்கு வரும் வழியை எண்ணிப் பாருங்கள். நெல்லையும் உளுந்தையும் விளைவித்தவன் ஒருவன். ஊறவைத்து அரைத்தவன் ஒருவன். விடியற்காலையில் ஆவி முகத்திலடிக்கத் தட்டை இறக்கியவன் ஒருவன். பரிமாறியவன் ஒருவன். நாம் தின்று விட்டெறிந்த எச்சில் தட்டைக் கழுவியவன் மற்றொருவன். உண்மையாகவே கையால் உப்பை அள்ளிப் போட்டவன் அடுப்படியில் நின்றவனே. கல்லாவில் அமர்ந்தவர் எந்த அண்டாவிலும் உப்பிடவில்லை. அங்ஙனமிருக்க, ‘சோறு போட்டவர்’ என்று நாம் கல்லாவையே நோக்கிக் கும்பிடுவது ஏன்? பெயர்ப் பலகையிலுள்ள பெயரே நம் கண்ணிற்படுகிறது. அடுப்படியில் உள்ளவருக்குப் பலகை இல்லை. அவ்வளவே காரணம்.

‘முதலாளி இல்லாவிட்டால் கடையேது? முதலும் முயற்சியும் துணிவும் அவருடையவை அல்லவா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. முயற்சியின் பங்கை நாம் மறுக்கவில்லை. மேசை துடைத்த சிறுவன் உலகெங்கும் கடை விரித்தது அருஞ்செயலே. ஆனால் அப்பங்குக்கு உரிய இலாபத்தை அவர் பெற்றார். தொழிலாளி உழைத்தான், கூலி பெற்றான். கணக்கு நேராயிற்று. இதில் ஒருவர்க்கொருவர் நன்றி பாராட்டுவதாயின் இருபுறமும் பாராட்ட வேண்டும். தொழிலாளி முதலாளியின் உப்பைத் தின்றானென்றால், முதலாளியும் தொழிலாளியின் உப்பைத் தின்றவரே. அதுவும் ஆயிரம் பேருடைய உப்பை. அவ்வாறாயின், தம்மிடம் உழைத்த ஒருவரின் மகள்மீது கண்வைத்து, அவள் தாலியை அறுத்தவர் யார்? பழமொழியின்படியே நோக்கினும், உப்பிட்டவரை மறந்தவர் அவரேயன்றோ? பெரியவர் அவருக்குக் காப்பாகக் கொண்டுவந்த பழமொழி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றது.

கூலிக்கு மேல் அவர் கொடுத்தவை உண்டே, மருத்துவமும் திருமண உதவியும், அவற்றுக்கு என்ன சொல்வது? அவற்றை நாம் இகழமாட்டோம். நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கிடைத்தது மெய்; ஒரு பெண்ணுக்கு மணம் நடந்தது மெய். பெற்றவர் நெஞ்சில் நன்றி இருப்பது இயல்பு. எனினும், உரிமையாக வருவதற்கும் சலுகையாக வருவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மக்கள் உணர்தல் வேண்டும். உரிமை சட்டத்திலிருந்து வருகிறது, கேட்டுப் பெறலாம், தராவிட்டால் வழக்காடலாம். சலுகையோ ஒரு மனிதரின் மனத்திலிருந்து வருகிறது. அவர் மனம் மாறினால் நின்றுவிடும். ஆகையால் சலுகை பெறுபவன் கொடுப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகுகிறான். முகம் கோணாதபடி பேசப் பழகுகிறான். பின்னர்ப் பேசாதிருக்கவும் பழகுகிறான். ‘அண்ணாச்சி’ என்ற அன்புச் சொல்லே, ‘இது தகாது’ என்று சொல்லவேண்டிய நேரத்தில் நாவைக் கட்டிவிடுகிறது. அன்னம் கொடுத்தவர் அதற்கு விலையாக மனச்சாட்சியைப் பெற்றுக்கொள்வாராயின், அவ்வன்னம் மிகவும் விலையுயர்ந்த அன்னம்.

இது தோட்டத் தமிழர்க்குப் புதிய பாடமன்று. துரையும், கிராணியும், கங்காணியும் லயத்து வீட்டின் உள்ளறைவரை அதிகாரம் செலுத்திய காலத்தை நம் முன்னோர் கண்டனர். தீபாவளிக்குத் துணி கொடுத்த கையே, வேலைக்காட்டில் கன்னத்திலும் அறைந்தது. துணிக்கு நன்றி சொல்லி அறையைப் பொறுத்துக்கொண்டிருந்த மக்கள், ஒருநாள் நிமிர்ந்தனர். 1941-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு இரயில் நிலையங்களில் தனிப்பந்தி ஒழிந்த அதே ஆண்டில், இங்கே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் வட்டார இந்தியச் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். அத்தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்றனர். கள்ளுக்கடையை மூடுங்கள் என்றனர். எம் குடும்பப் பெண்களிடம் மேலதிகாரிகள் தகாத முறையில் நடப்பது நிற்கவேண்டும் என்றனர். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிரிழந்தனர்.

அக்கோரிக்கைகளுள் கடைசியாக நாம் சொன்னதை மீண்டும் நினைவிற்கொள்க. கூலி கொடுப்பதனால் எம் வீட்டுப் பெண்கள்மீது உமக்கு உரிமை பிறக்கவில்லை என்று 1941-இல் எழுத்தறியாத தொழிலாளர் சொன்னார்கள். அறுபதாண்டுகளுக்குப் பின், சென்னையில் ஒரு தொழிலாளியின் மகள் தன்னந்தனியாய் அதையே சொன்னாள். பெரியவர் நன்றி பாராட்ட ஒருவரைத் தேடுவாராயின், அவருடைய தந்தையார் காலத்துத் தோட்டத் தொழிலாளரையும், செல்வத்துக்கும் மிரட்டலுக்கும் தலைவணங்காத அப்பெண்ணையும் அல்லவா நினைக்க வேண்டும்?

அன்று சிந்திய இரத்தமும் அதன்பின் நடந்த போராட்டங்களும் வீண்போகவில்லை. 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளரின் தேசியச் சங்கம் அமைந்தது. 1969-இல் ‘சொக்சோ’ என்னும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இவை போதுமானவை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சேமநிதிப் பணத்தைப் பெறச் செல்பவர் எவரையும் ‘அண்ணாச்சி’ என்றழைத்துக் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. தன் பணத்தைத் தானே பெற்று, நிமிர்ந்து வெளியே வருகிறார். இராஜகோபால் தந்த நன்மைகளில் நல்லவை எவையோ, அவை ஒவ்வொன்றும் இவ்வாறு ஒருவர் தயவின்றிக் கிடைக்கவேண்டியவை. அவருடைய வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் இதுவே.

‘அப்படியானால் அப்பெயர் தாங்கிய கடையில் உண்ணலாகாதா?’ என்று அவ்விளைஞர் கேட்கக்கூடும். உண்பதில் குற்றம் காணோம். அமெரிக்காவில் கார்னெகி என்னும் எஃகு முதலாளி இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பொருள் தந்தார். அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892-இல் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். அதற்காக அந்நூலகங்களில் எவரும் படிக்கக்கூடாதென்று சொல்வது பேதைமை. நூலகத்தைக் காட்டி மாண்டவரை மறக்கச் சொல்வது அதனினும் பேதைமை. அதுபோலவே, இன்று அடுப்படியில் நிற்கும் தொழிலாளி எக்குற்றமும் செய்யாதவன். அவன் சுட்ட தோசையை உண்ணுங்கள். உரிய விலை கொடுங்கள். ஆனால் சுவரில் தொங்கும் படத்துக்காக நாவைக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிப்போம். இன்று பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா வீதியிலும் உள்ள உணவகங்களில் பரிமாறும் இளைஞர் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தனர், இவர்கள் விமானமேறி வந்தனர், வேறுபாடு அவ்வளவே. இவர்களுடைய முதலாளிமாருள் பெரும்பாலோர் நம்மவரே. கூலி திங்கள்தோறும் தவறாது கையில் சேர்கின்றதா? ஓய்வுநாள் உண்டா? கடப்பிதழ் யார் பெட்டியில் இருக்கின்றது? பிறருடைய கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமென்பதைக் கடைக்காரத் தோழர்கள் அறிவார்களாக. ‘தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் கொடுக்கிறேனே’ என்று எவரேனும் சொல்வாராயின், அது துரை பேசிய பேச்சே. தமிழில் பேசியதனால் அது அறமாகிவிடாது.

அன்று மாலை, பேச்சு நின்றபின், அப்பெரியவர் உண்டு முடித்து எழுந்தார். எச்சில் தட்டெடுக்க வந்த சிறுவனிடம், “சாப்பிட்டாயா தம்பி?” என்று கேட்டார். அவன், “இன்னும் இல்லை ஐயா, கடை சாத்திய பிறகுதான்” என்றான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல், தட்டை அவனுக்கு எட்டும்படி நகர்த்திவைத்துச் சென்றார். நன்றி எங்கே செலுத்தத்தக்கது என்பதை அவர் கை அறிந்திருந்தது. வாய்தான் இன்னும் பழைய பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது. அவ்வாயையும் நாம் அனைவரும் திருத்திக்கொள்வோமாக.